ஏரிச் சாலையின் ஒரே சமதளத்தை மூடியவர்களுக்கு

ஏரியைச் சுற்றிப் போகும் சாலையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

கிழக்குக் கரையில் நீங்கள் நட்டு வைத்திருக்கும் பலகையின் முன்னால் சைக்கிளை நிறுத்தி இரண்டு தடவை படித்தேன். "சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலை 6 முதல் மாலை 6 வரை மிதிவண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாற்றுப்பாதை: மேட்டுச் சாலை." கீழே ஓர் அம்புக்குறி. யார் போட்ட உத்தரவு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாளைக்கு, ஒன்றும் இல்லை. அந்தப் பலகையின் சிமென்ட் அடிக்கட்டை வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, சைக்கிள் போகும் அந்த ஒரு முழ ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. மற்ற நாட்களில் எங்களுக்கு அனுமதி உண்டு என்று சொல்லும் பலகையே எங்கள் வழியில் நிற்கிறது.

நான் 11 வருடமாக இந்த ஏரியைச் சுற்றுகிறவன். பந்தயக்காரன் இல்லை. வாரத்தில் ஒரு நாள், விடியும்போது கிளம்பி, 42 கி.மீ. முடித்துவிட்டு வீட்டுக்கு வருவேன், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் இந்தச் சாலையின் எந்தக் குழி எந்த மழைக்குப் பிறகு பெரிதாகும் என்பது என் மணிக்கட்டுக்கே தெரியும். அதனால் உங்கள் முடிவு எங்கே தப்பாகப் போனது என்பதை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு விஷயம். ஏரிக்கரைச் சாலை என்றால் தண்ணீரைப் போலவே தட்டையாக இருக்கும் என்று காரில் போகிறவர்கள் நினைக்கிறார்கள். மலைப் பகுதி ஏரியில் அப்படி இருக்காது. மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு ஓடையும் ஏரியில் கலக்கிற இடத்தில் சாலை கீழே இறங்கும், அடுத்த மலைக்காலைத் தாண்ட மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். தெற்குக் கரையில் மட்டும் இப்படி ஒன்பது ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஒரு முழுச் சுற்றில் ஏறுவதையெல்லாம் கூட்டினால் என் சைக்கிளில் மாட்டியிருக்கும் கருவி 480 மீட்டர் உயரம் காட்டுகிறது. காரில் போகும்போது ஆக்சிலரேட்டரில் கொஞ்சம் கூடுதலாக அழுத்துவதோடு அது முடிந்துவிடும். மிதிக்கிற காலுக்கு அது ஒரு சின்ன மலை.

இந்த 42 கி.மீ.யில் மூச்சு வாங்காமல் போகக்கூடிய ஒரே இடம் கிழக்குக் கரையின் அந்த 3.4 கி.மீ. தான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் பாறையைக் குடைந்து போட்ட சாலை. மதியக் காற்றிலிருந்தும் அந்தப் பாறை மறைக்கும். புதிதாக ஓட்டக் கற்றவர்கள், வயதானவர்கள், கியர் இல்லாத பழைய சைக்கிள்காரர்கள், முட்டிவலிக்காரர்கள் எல்லோரும் ஏரிப் பக்கம் வருவதே அந்த ஒரு துண்டுக்காகத்தான். நீங்கள் மூடியிருப்பது அதைத்தான். பதிலுக்குக் கொடுத்திருப்பது இந்தப் பகுதியிலேயே செங்குத்தான சாலை.

"மாற்றுப்பாதை 1.6 கி.மீ. தானே கூடுதல்" என்று இந்தத் தடையைப் பற்றி நீங்கள் நடத்திய கூட்டத்தில் உங்கள் அதிகாரி ஒருவர் சொன்னார். வரைபடத்தில் சரிதான். கரைச் சாலை 3.4, மேட்டுச் சாலை 5. ஆனால் அந்த 5-இல் முதல் 2.2 கி.மீ. 200 மீட்டர் உயரம் ஏறுகிறது, அதாவது சராசரி 9 சதவீதம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். தினசரி சைக்கிள் ஓட்டுகிற சாதாரண ஆள் நிதானமாகக் கொடுக்கக்கூடிய சக்தி 120 வாட் அளவு. அந்தச் சக்திக்கு 9 சதவீத ஏற்றத்தில் கிடைக்கும் வேகம் மணிக்கு 6 கி.மீ.யைத் தொடாது. அது நடக்கிற வேகம். அந்த வேகத்தில் சைக்கிள் நேராக நிற்காது, பாம்பு மாதிரி நெளியும், நெளியும்போது இரண்டு மடங்கு அகலம் கேட்கும். கரைச் சாலை குறுகலாக இருக்கிறது என்றுதானே எங்களை மேலே அனுப்பினீர்கள்? மேட்டுச் சாலை அதைவிட அரை மீட்டர் குறுகல். டேப் வைத்து அளந்தேன். கியர் இல்லாத சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதற்கே அரை மணி நேரம்.

சரி, ஏறிவிட்டோம். ஏற்றம் மனிதனைக் களைப்பாக்கும், அவ்வளவுதான். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. மறுபக்கம் 2.8 கி.மீ., ஐந்து கொண்டை ஊசி வளைவு. பிரேக் தொடாமல் விட்டால் வேகம் 50-ஐத் தாண்டிவிடும். பிரேக் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் இன்னொரு சங்கடம். 85 கிலோவை 200 மீட்டர் உயரத்திலிருந்து கீழே கொண்டுவரும்போது வெளியாகும் ஆற்றல் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. மெதுவாக இறங்குகிறவருக்கு அதில் பெரும்பங்கு பிரேக் கட்டையிலும் ரிம்மிலும்தான் சூடாக இறங்கும். டிஸ்க் பிரேக் இருப்பவர்கள் பிழைத்தார்கள். ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கிற சைக்கிள்தான் இங்கே முக்கால்வாசிப் பேரிடம் இருக்கிறது. ரிம் சூடேறினால் உள்ளே டியூப் காற்று சூடேறும், வெடிக்கவும் கூடும். பழகியவர்கள் விட்டு விட்டுப் பிடிப்பார்கள். பழகாதவர் பயத்தில் கடைசிவரை அழுத்திப் பிடித்தபடியே வருவார். கரைச் சாலையை நம்பி வந்தவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டாவது வகை.

அப்புறம் சரளை. மழை பெய்தால் மேட்டிலிருந்து மண்ணும் ஜல்லியும் வளைவுகளில் வந்து படியும். கார் டயர்கள் ஓடி ஓடி நடுவைத் துடைத்துவிடும், துடைத்ததெல்லாம் ஓரத்துக்குப் போகும். சைக்கிள்காரன் ஓட வேண்டிய இடம் அந்த ஓரம். காரில் போய்ப் பார்வையிட்டால் சாலை சுத்தமாகத்தான் தெரியும். இறங்கி, வளைவின் ஓரத்தில் செருப்புக் காலை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள்.

இனிமேல் எழுதுவதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம்.

மேட்டுச் சாலை இறக்கத்தில் மூன்றாவது வளைவு முடிகிற இடத்தில் ஒரு வடிகால் இருக்கிறது. அதன் மேல் இரும்புக் கம்பி மூடி. கம்பிகள் சாலை போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி 32 மில்லிமீட்டர். என் டயரின் அகலம் 28. என் அண்ணன் மகளுடையது 25. கணக்கு அவ்வளவுதான். பலகை வைத்து ஐந்தாவது ஞாயிறு, அவளுக்கு 14 வயது, முதல் தடவையாக முழுச் சுற்று போகலாம் என்று கூட்டிக்கொண்டு வந்தேன். கரைச் சாலையில் போயிருந்தால் அந்த நேரம் அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு கையை விட்டு ஓட்டியிருப்பாள். பலகையை மதித்து மேலே ஏறினோம். ஏறி முடித்ததும் அவள் முகத்தில் இருந்த பெருமையைச் சொல்ல வேண்டும், மூச்சு இரைக்க இரைக்கச் சிரித்தாள். இறக்கத்தில் நான் முன்னால். மூடியைப் பற்றி எனக்குத் தெரியும், கையை நீட்டிக் காட்டினேன், கத்தவும் செய்தேன். எதிரே ஒரு வேன் வந்தது. அவள் விலக இடமில்லாமல் ஓரமாக ஒதுங்கினாள். முன்சக்கரம் இரண்டு கம்பிக்கு நடுவில் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சைக்கிள் நின்றது, பிள்ளை நிற்கவில்லை.

காறை எலும்பு முறிவு. ஹெல்மெட்டின் நெற்றிப் பக்கம் விரிசல். திரும்பிப் பார்த்தபோது அவளுடைய சைக்கிள் யாரோ நிறுத்தி வைத்த மாதிரி அந்த மூடியில் நட்டுக்கொண்டு நின்றதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கையைக் கட்டித் தொங்கவிட்டு ஆறு வாரம் இருந்தாள். எலும்பு கூடிவிட்டது. சைக்கிளை இன்னும் எடுக்கவில்லை.

அந்த மூடியைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் உங்களுக்கு இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், படத்தோடு. பதில் வரவில்லை. அப்போது அது யாரும் அதிகம் ஓட்டாத சாலை, நானும் பெரிதாகத் துரத்தவில்லை, அந்தத் தப்பு எனக்கும் உண்டு. ஆனால் ஒரு சாலையை "சைக்கிள்காரர்களின் பாதுகாப்புக்காக" என்று மாற்றுப்பாதையாக அறிவிப்பதற்கு முன்னால் ஒருவராவது அதில் ஒரு தடவை சைக்கிளில் இறங்கிப் பார்த்திருக்க வேண்டாமா?

கூட்டத்தில் நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது "உங்கள் நல்லதுக்குத்தான்" என்பது. கரைச் சாலை ஆபத்தானது, விடுமுறை நாளில் கார் அதிகம், இரண்டு வளைவில் எதிரே வருவது தெரியாது என்றீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது? 3.4 கி.மீ.யில் பார்வை மறையும் வளைவு இரண்டே இரண்டுதான். ஒரு வார நாள் காலையில் சுண்ணாம்புக் கட்டியும் டேப்புமாகப் போய் அளந்தேன் (எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வை தனிக்கதை). மோசமான வளைவில் முன்னால் தெரியும் தூரம் 28 மீட்டர். உலர்ந்த சாலையில், ஓட்டுநர் சுதாரிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க சுமார் 35 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. வேகம் என்றால் 18 மீட்டர் போதும். 50-இல் வருகிறவருக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் நிற்பது சைக்கிளா, மாடா, பஞ்சரான இன்னொரு காரா என்பதில் வித்தியாசமே இல்லை, இடித்துத்தான் நிற்பார். சைக்கிளைத் துரத்திவிட்டால் பார்வையில் குறையும் அந்த 7 மீட்டர் கூடிவிடுமா?

அந்தத் துண்டு முழுவதையும் 30 ஆக்கினால் காருக்கு என்ன நஷ்டம் என்று பார்த்தேன். 50-இல் நாலு நிமிடத்தில் கடக்கிறவர் 30-இல் ஏழு நிமிடத்துக்குள் கடப்பார். மூன்று நிமிடம் கூட இல்லை. அந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடிக்க, மிதிக்கிறவனை 200 மீட்டர் ஏற்றி இறக்குகிறீர்கள்.

முந்திப் போக இடமில்லை என்ற வாதமும் வந்தது. இரண்டு தடமும் சேர்த்துச் சாலை ஐந்தரை மீட்டர். கார் 1.8, நடுவில் விட வேண்டிய இடைவெளி 1.5, ஹேண்டில்பாரோடு சைக்கிள் முக்கால் மீட்டர், ஓரத்தில் அரை மீட்டர், மொத்தம் 4.55. எதிரே வண்டி வராதபோது தாராளமாக முந்தலாம். எதிரே வண்டி வந்தால் பின்னால் காத்திருக்க வேண்டும், எந்தச் சாலையிலும் அதுதானே வழக்கம். அந்த 1.5 மீட்டர் நானாகச் சொன்ன கணக்கு இல்லை. பிரான்சில் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்த அவ்வளவு விட வேண்டும் என்பது சட்டம், ஸ்பெயினிலும் அப்படியே. ஜெர்மனி 2020-இல் ஊருக்குள் 1.5, ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று விதியில் எழுதியே விட்டது.

ஏரியைச் சுற்றும் சாலையில் சைக்கிளுக்கு இடம் கொடுப்பது உலகத்தில் யாரும் செய்யாத காரியமும் இல்லை. ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவைச் சுற்றி வர சுமார் 200 கி.மீ. அங்கே பல இடங்களில் தனிப் பாதையே கிடையாது, சாலையின் ஓரத்தில் நீல நிற அம்புக்குறி வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே சைக்கிள் வரும் என்று கார்க்காரருக்கும் தெரிகிறது, எங்கே ஓட்ட வேண்டும் என்று சைக்கிள்காரருக்கும் தெரிகிறது. அந்த நாட்டில் இடப்பக்கம் ஓட்டுவதால் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றச் சொல்கிறார்கள். அப்படிப் போனால் ஏரி எப்போதும் நம் பக்கத்தில் இருக்கும், குறுக்கே சாலை வந்து சேருவதும் குறையும். எவ்வளவு எளிய யோசனை பாருங்கள், பெயின்ட் செலவோடு முடிந்தது. 2019-இல் அந்தச் சுற்றை தேசிய சைக்கிள் பாதையாகவே அறிவித்தார்கள். கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றும் பாதை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டு எல்லையைத் தாண்டி ஓடுகிறது. மூன்று நாடுகள் பேசி ஒரு சுற்றை முழுதாக வைத்திருக்க முடிகிறது. பிரான்சின் அன்சி ஏரியில் மேற்குக் கரையின் பழைய ரயில் தடம் சைக்கிள் பாதை ஆகியிருக்கிறது. இத்தாலியின் கார்டா ஏரியில், லிமோனே பக்கம், செங்குத்துப் பாறையின் முகத்தில் தண்ணீருக்கு மேலே தொங்குகிற மாதிரி சுமார் 2 கி.மீ. பாதை 2018-இல் திறந்தார்கள். நான் உங்களிடம் தொங்கும் பாதை கேட்கவில்லை, ஆசை இருந்தாலும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் சொல்லக் காத்திருக்க வேண்டாம். ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர் கூட்டமாக, நாலு பேர் பக்கம் பக்கமாக, சாலையை அடைத்துக்கொண்டு பேசிக்கொண்டே போவது நடக்கிறது. பின்னால் ஹார்ன் அடித்தால் முறைப்பதும் நடக்கிறது. நானே சில வருடம் முன்பு அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். உங்களுக்கு வந்த புகார்களில் பாதி இதைப் பற்றித்தான் இருக்கும் என்பது என் ஊகம். அது திருத்த வேண்டிய விஷயம். வளைவுகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும் என்று பலகை வையுங்கள், மீறினால் அபராதம் போடுங்கள், முதல் ஆளாக நான் ஆதரிக்கிறேன். அந்தப் பதினைந்து பேருக்காக மற்ற எல்லோரையும் மலை ஏற்றுவது என்ன நியாயம்?

மற்றவர்கள் என்று நான் சொல்வது பொழுதுபோக்குக்கு வருகிறவர்களை மட்டும் இல்லை. கிழக்குக் கரையில் விடுதிகளில், படகுத் துறையில், கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறும் விடுமுறை நாளும்தான் வேலை மும்முரமான நாள். நீங்கள் தடை போட்டிருப்பதும் அதே நாட்களில். போன வாரம் படகுத் துறைக்கு வேலைக்குப் போகும் ஒரு பெரியவரை மேட்டுச் சாலையில் பார்த்தேன். கியர் இல்லாத சைக்கிள், கேரியரில் கயிற்றுச் சுருள், தள்ளிக்கொண்டு போனார். "இன்னைக்கும் லேட்டுதான் தம்பி" என்றார். அவர் கூட்டத்துக்கு வரவில்லை. கூட்டம் நடந்ததே அவருக்குத் தெரியாது. கூட்டத்தைப் பற்றி அறிவிப்பு ஒட்டியிருந்தது கார் நிறுத்துமிடத்தில்.

இனி நான் கேட்பவை.

வார இறுதித் தடையை உடனே விலக்குங்கள். பலகையை எடுக்கும்போது அந்த சிமென்ட் கட்டையையும் சேர்த்து எடுங்கள். கிழக்குக் கரையின் 3.4 கி.மீ. முழுவதற்கும் 30 கி.மீ. வேக வரம்பு போடுங்கள், இரண்டு வளைவிலும் குவிகண்ணாடி வையுங்கள், ஓரத்தில் சைக்கிள் குறி வரையுங்கள். முந்தும்போது ஒன்றரை மீட்டர் விடச் சொல்லி இரண்டு முனையிலும் எழுதி வையுங்கள். தடை வேண்டும் என்றே இன்னும் நினைத்தால், எந்தக் கணக்கை, எந்த விபத்துப் பதிவை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எல்லோரும் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள். நான் அளந்ததை நானும் கொண்டுவந்து வைக்கிறேன், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த கூட்டத்தை ஒரு வேலை நாள் மாலையில் வையுங்கள், அறிவிப்பைப் படகுத் துறையிலும் ஒட்டுங்கள். முடிவு எடுக்கிறவர்களில் ஒருவராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு சாலையிலும் சைக்கிளில் வாருங்கள். சைக்கிள் இல்லையென்றால் என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, காற்று அடித்து வைக்கிறேன்.

இதற்கெல்லாம் கோப்பு நகர வேண்டும், நாளாகும் என்று தெரியும். மூன்றாவது வளைவின் அந்தக் கம்பி மூடிக்குக் கோப்பு எதுவும் வேண்டாம். அது சதுர மூடி, அளந்துவிட்டேன், 45-க்கு 45 சென்டிமீட்டர். தூக்கிக் கால்வட்டம் திருப்பி அதே குழியில் போட்டால் கம்பிகள் சாலைக்குக் குறுக்கே வந்துவிடும். இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, பத்து நிமிடம். வரும் சனிக்கிழமைக்குள் அதைச் செய்து முடியுங்கள்.

இப்படிக்கு,
ஏரியைச் சுற்றும் ஒரு சைக்கிள்காரன்